கிரியேட்டினின் 1.4 என்று வந்திருக்கிறது, கிட்னி போய்விட்டதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். அப்பாவுக்கு 62 வயது. நெடுநாளாகச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. போன வருடம் கிரியேட்டினின் 1.3, இந்த வாரம் 1.4. யூரியா 46. ஈஜிஎஃப்ஆர் என்ற இடத்தில் 57 என்று போட்டு, மூன்றையும் தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். “கிட்னி ஃபெயிலியர் ஆரம்பித்துவிட்டதா, டயாலிசிஸ் வரை போகுமா” என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு இதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. 1.3 என்பது 1.4 ஆனது உண்மையான சரிவுதானா என்பது ஒன்று. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று சொல்ல இந்த மூன்று எண்கள் போதுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு, இதை மட்டும் வைத்துச் சரிவு என்று சொல்ல முடியாது என்பதுதான் பதில். இரண்டாவதற்கு, போதாது. அப்பாவுக்கு அவசியம் பார்த்திருக்க வேண்டிய ஒரு பரிசோதனை நீங்கள் தந்த பட்டியலிலேயே இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை பார்ப்பவன். ரிப்போர்ட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆள், மருந்து எழுதுகிற ஆள் இல்லை. எண்கள் எங்கிருந்து வருகின்றன, எப்போது ஏமாற்றும் என்பதைச் சொல்ல முடியும். உங்கள் அப்பாவுக்கு என்ன சிகிச்சை என்பதை அவரை நேரில் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கிரியேட்டினின் என்பது தசைகளில் இருக்கும் கிரியேட்டின் தானாகச் சிதைந்து உண்டாகும் கழிவு. தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் ரத்தத்தில் வந்து சேரும், சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றும். ஒரு தொட்டியில் மேலே குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது, கீழே ஒரு துளை வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் பார்ப்பது தண்ணீர் மட்டத்தை மட்டும்தான். மட்டம் ஏறினால் துளை அடைத்துக்கொண்டிருக்கலாம், குழாயும் கூடுதலாகத் திறந்திருக்கலாம். இங்கே துளைதான் சிறுநீரகம், குழாய் தசை. தசை அதிகம் உள்ளவருக்கு நல்ல சிறுநீரகம் இருந்தும் எண் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மெலிந்து எலும்பும் தோலுமாகக் கிடக்கும் நோயாளிக்கோ, கால் எடுக்கப்பட்டவருக்கோ, சிறுநீரகம் பாதி போயிருந்தாலும் எண் “நார்மல்” என்றே வரும்.

இதனால்தான் கிரியேட்டினினை அப்படியே பார்க்காமல் வயது, பாலினம் இரண்டையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்று மதிப்பிடுகிறோம். அதுதான் ஈஜிஎஃப்ஆர். ஆரோக்கியமான இளைஞருக்கு இது 120 போல இருக்கும், நடுவயதுக்குப் பிறகு மெல்லக் குறையும். இப்போது பரவலாகப் பயன்படுவது 2021-இல் வந்த சிகேடி-எபி சூத்திரம். அதில் 1.2 என்ற ஒரே கிரியேட்டினினைப் போட்டுப் பாருங்கள். 25 வயது ஆணுக்கு 86 வரும், 70 வயதுப் பெண்ணுக்கு 49 வரும். முதலாமவருக்குக் கவலைப்பட ஒன்றும் இல்லை. இரண்டாமவருக்குப் பல மருந்துகளின் அளவையே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கலாம். ரிப்போர்ட்டிலோ இருவருக்கும் 1.2 என்றுதான் இருக்கும். எதிரே அச்சடித்த “இயல்பு அளவு” பெண்களுக்குத் தனியாகப் போடப்படாவிட்டால் அந்தப் பெண்ணின் எண் தடித்த எழுத்தில்கூட வராது. பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த வகையைத்தான். உங்கள் அப்பாவைப் போல எண் கொஞ்சம் ஏறியவர்கள் பயந்துபோய் வந்துவிடுகிறார்கள், எண் ஏறாமலே சிறுநீரகம் தேய்ந்தவர்கள் வருவதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. கிரியேட்டினினும் வடிகட்டும் திறனும் நேர்கோட்டில் நகர்வதில்லை. தோராயமாக, கிரியேட்டினின் இரட்டிப்பானால் திறன் பாதியாகிவிட்டது என்று பொருள். 0.7 இருந்தவருக்கு 1.4 ஆனால், பார்க்க அற்பமான ஏற்றம், ஆனால் பாதித் திறன் போய்விட்டது. 4 இருந்தவருக்கு 5 ஆனால் வீடே கலங்கிப்போகும், உண்மையில் அங்கே இழந்தது சில மில்லிலிட்டர்கள்தான், இழக்க மிச்சம் இருந்ததே கொஞ்சம். ஆகவே உங்கள் அப்பாவின் ஐந்தாறு வருடப் பழைய ரிப்போர்ட்டுகள் வீட்டில் எங்காவது இருந்தால் தேடி எடுங்கள். அப்போது 0.8 இருந்திருந்தால் இது ஒரு கதை. அப்போதே 1.3 இருந்திருந்தால் முற்றிலும் வேறு கதை.

இப்போது 1.3க்கும் 1.4க்கும் வருகிறேன். எந்த நோயும் இல்லாத ஒருவருக்கே கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஐந்து சதவீதம் போல ஏறி இறங்கும். அதோடு கருவியின் சொந்தப் பிசகும் சேரும். எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால், இரண்டு அளவீடுகளுக்கு நடுவே பதினைந்து சதவீத அளவுக்காவது வித்தியாசம் இருந்தால்தான் “நிஜமாகவே மாறியிருக்கிறது” என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். உங்களுடையது எட்டு சதவீதத்துக்கும் குறைவு. 62 வயதுக்கு 1.3 என்றால் ஈஜிஎஃப்ஆர் 62, 1.4 என்றால் 57. நோயா என்று யோசிக்க வைக்கும் அறுபது என்ற கோடு நடுவில் ஓடுவதால் ஏதோ பள்ளத்தில் விழுந்த மாதிரித் தெரிகிறது. அந்த 1.3 உண்மையில் 1.34 ஆகவும், 1.4 உண்மையில் 1.36 ஆகவும் இருந்து, ஒரு தசம இடத்துக்கு முழுமைப்படுத்தி அச்சடித்திருக்கலாம். அப்படியானால் ஈஜிஎஃப்ஆர் 60-இலிருந்து 59-க்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். தவிர, ஈஜிஎஃப்ஆர் என்பதே மதிப்பீடு. நேரடியாக அளந்த திறனோடு ஒப்பிட்டால் பத்தில் எட்டொன்பது பேருக்கு முப்பது சதவீதம் முன்னே பின்னே என்ற எல்லைக்குள் இருக்கும், நல்ல சூத்திரத்துக்கே நிலைமை அதுதான். 57 என்று துல்லியமாக அச்சாகியிருப்பதைப் பார்த்து அது துல்லியமான எண் என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டு முறையும் ஒரே லேபில்தான் கொடுத்தீர்களா என்பதையும் பாருங்கள். கிரியேட்டினினை அளக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பழையது ஜாஃபே முறை. காரத்தோடு சேர்ந்த பிக்ரிக் அமிலம் கிரியேட்டினினோடு கலந்தால் ஆரஞ்சுச் சிவப்பு நிறம் வரும் என்று மாக்ஸ் ஜாஃபே 1886-இல் கண்டது. மலிவு என்பதால் இன்றும் நிற்கிறது. சிக்கல் என்னவென்றால், வேறு பொருள்களும் அதே நிறத்தைத் தரும். சர்க்கரை கட்டுமீறி ரத்தத்தில் கீட்டோன் சேர்ந்திருக்கும் நோயாளிக்கு எண் பொய்யாக ஏறும், மஞ்சள் காமாலை முற்றியவருக்குப் பொய்யாக இறங்கும். இன்னொரு வழியான நொதி முறை இந்த விஷயத்தில் நம்பகமானது. ஒரு லேபில் ஜாஃபே, இன்னொன்றில் நொதி என்றால் 0.1 வித்தியாசத்தை வைத்துப் பேசுவதில் அர்த்தமே இல்லை. எந்த முறை என்பது பல ரிப்போர்ட்டுகளில் பரிசோதனைப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். இல்லாவிட்டால் கேளுங்கள், சொல்வார்கள்.

சிறுநீரகத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் எண்ணை ஏற்றுகிறவையும் உண்டு. முந்தைய வேளை நிறைய இறைச்சி சாப்பிட்டிருந்தால் சில மணி நேரத்துக்கு ஏறும். உடற்பயிற்சி செய்கிறவர்கள் எடுக்கும் கிரியேட்டின் பவுடரும் அப்படித்தான். டிரைமெத்தோபிரிம் கலந்த ஆன்டிபயாடிக், சிமெட்டிடின் போன்றவை சிறுநீரகத்தின் நுண்குழல்கள் கிரியேட்டினினைச் சுரந்து வெளியேற்றுவதைத் தடுப்பதால் எண் ஏறும், வடிகட்டல் அப்படியேதான் இருக்கும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் “பிரில்”, “சார்டன்” என்று முடியும் மாத்திரைகள் வேறு ரகம். அவை வடிகட்டியின் உள்ளழுத்தத்தைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காப்பவை, அதனாலேயே ஆரம்பித்த முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம். முப்பது சதவீதம் வரையிலான ஏற்றத்தை மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து நீங்களாக அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவது பற்றி யோசிக்க வேண்டியது வலி மாத்திரைகளைத்தான். மூட்டுவலிக்கென்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் ஏதாவது அப்பா வழக்கமாகப் போடுகிறாரா என்று கேளுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். பலர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

யூரியா 46 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புரதம் அதிகம் சாப்பிட்டாலும், தண்ணீர் குறைவாகக் குடித்தாலும், ஸ்டீராய்டு எடுத்தாலும், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் யூரியா ஏறும். ஈரல் கெட்டவருக்கு இறங்கும். தனியாக அதை வைத்துச் சிறுநீரகத்தை எடைபோட நான் விரும்புவதில்லை. கிரியேட்டினின் அப்படியே இருக்க யூரியா மட்டும் கிடுகிடுவென்று ஏறினால், உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும், அந்த அளவில் அது உதவும். சில லேப்கள் யூரியாவுக்குப் பதில் பியுஎன் என்று போடும். அது யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும், 2.14-ஆல் பெருக்கினால் யூரியா கிடைக்கும். ஒரு லேபில் யூரியா 46, அடுத்ததில் பியுஎன் 21 என்று பார்த்து “பாதியாகக் குறைந்துவிட்டது” என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றேதான்.

சரி, பட்டியலில் இல்லாத அந்தப் பரிசோதனை. சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம், ஏசிஆர் என்பார்கள். இவ்வளவு ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறீர்கள், சிறுநீரைப் பற்றி ஒரு வரி இல்லை. சர்க்கரை நோயாளிக்கு இது பெரிய குறை. ஈஜிஎஃப்ஆர் எவ்வளவு வடிகிறது என்று சொல்லும், வடிகட்டியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. சர்க்கரையால் வரும் சிறுநீரக நோயின் தொடக்கத்தில் வடிகட்டல் வழக்கத்தைவிட அதிகமாகக்கூட இருக்கும், கிரியேட்டினின் அழகாக 0.7 என்று வரும். அதே நேரத்தில் ஆல்புமின் என்ற புரதம் சிறிது சிறிதாகச் சிறுநீரில் கசியத் தொடங்கியிருக்கும். ரத்தத்தில் எண் ஏறக் காத்திருந்தால் பல வருடங்கள் கைநழுவிவிடும். சர்க்கரையால் பாதிக்கப்படும் எல்லோருக்கும் கசிவு வந்துதான் திறன் குறையும் என்பதும் இல்லை, கசிவே இல்லாமல் ஈஜிஎஃப்ஆர் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிறேன்.

விகிதமாக ஏன் பார்க்க வேண்டும்? ஆல்புமினை மட்டும் அளந்தால் என்ன? ஒரு லிட்டர் சிறுநீரில் 40 மில்லிகிராம் ஆல்புமின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிறையத் தண்ணீர் குடித்து நீர்த்துப்போன சிறுநீர் என்றால் அதில் கிரியேட்டினின் லிட்டருக்கு அரை கிராம்தான் இருக்கும், விகிதம் 80. தண்ணீர் குடிக்காமல் அடர்ந்த சிறுநீர் என்றால் கிரியேட்டினின் 2 கிராம் இருக்கலாம், விகிதம் 20. அதே 40 மில்லிகிராம், ஒன்று கசிவு, இன்னொன்று இயல்பு. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் பிரச்சினை இல்லை, 30 முதல் 300 வரை மிதமான கசிவு, 300-க்கு மேல் கடுமையானது. சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் பட்டையை முக்கி “ஆல்புமின்: இல்லை” என்று தருவது இதற்கு ஈடாகாது. தொடக்கக் கசிவில் பட்டையின் நிறம் மாறாமலே போய்விடும்.

இந்தப் பரிசோதனைக்கும் தொல்லைகள் உண்டு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி, பெண்களுக்கு மாதவிடாய் நாள்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் எல்லாமே தற்காலிகமாக எண்ணை ஏற்றும். நாளுக்கு நாள் ஆடுவதில் இது கிரியேட்டினினைவிட மோசம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் பார்ப்பது நல்லது. ஒரு தடவை ஏறியிருந்தால் உடனே முத்திரை குத்த மாட்டோம், சில மாதங்களுக்குள் மூன்று முறை பார்த்து இரண்டில் ஏறியிருந்தால்தான் ஏற்றுக்கொள்வோம்.

கூடவே சிறுநீரை நுண்ணோக்கியில் பார்க்கவும் சொல்வார்கள். செலவு குறைவான, ஆனால் திறமையான கண் தேவைப்படுகிற வேலை. ரத்தச் சிவப்பணுக்கள் ஒழுங்கான உருண்டையாக இருந்தால் கல்லோ வேறு ஏதோ கீழ்ப்பாதையில் இருக்கலாம். நசுங்கி, கொம்பு முளைத்த மாதிரி உருக்குலைந்திருந்தாலோ, குழலின் அச்சில் வார்த்தது போல உருளைகளாகத் திரண்டிருந்தாலோ வடிகட்டியிலேயே அழற்சி என்று அர்த்தம். அது அவசரமான செய்தி, கிரியேட்டினின் எவ்வளவு என்பது அங்கே இரண்டாம் பட்சம்.

24 மணி நேரச் சிறுநீர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லக்கூடும் என்பதால் எழுதுகிறேன். காலையில் எழுந்து போகும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு, அதன் பிறகு போவதை எல்லாம் சேர்த்து, மறுநாள் காலை அதே நேரத்துச் சிறுநீரையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். காகிதத்தில் எளிது. நடைமுறையில் ஒன்றிரண்டு முறை கழிப்பறைக்குப் போய்விடும், சொல்ல வெட்கப்பட்டுக் கேனை நீட்டுவார்கள். எங்களுக்குத் தெரிந்துவிடும். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் ஒரு நாள் சிறுநீரில் 1,400 மில்லிகிராம் போலக் கிரியேட்டினின் இருக்க வேண்டும், வயதானவருக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. 600 இருந்தால் பாதி கேனுக்கு வந்து சேரவில்லை. அந்தச் சிறுநீரை வைத்துக் கணக்கிடும் கிரியேட்டினின் கிளியரன்ஸ், அதாவது கிரியேட்டினினைச் சிறுநீரகம் வெளியேற்றும் வேகம், உண்மையைவிட மிகக் குறைவாக வந்து வீணாகக் கலவரப்படுத்தும். தசை மிகக் குறைந்தவர் போன்ற சில சூழல்களில் இது இன்னும் தேவைப்படுகிறது, மற்றபடி சூத்திரமே பரவாயில்லை.

உங்கள் அப்பாவின் நிலையில் சந்தேகத்தைத் தீர்க்கக்கூடிய இன்னொரு ரத்தப் பரிசோதனை சிஸ்டாட்டின் சி. இது தசையிலிருந்து வருவதில்லை, உடம்பின் கரு உள்ள எல்லாச் செல்களும் உண்டாக்குகிற சின்னப் புரதம். ஆகவே ஆள் வாட்டசாட்டமா மெலிந்தவரா என்பது இதை அவ்வளவாகக் குழப்பாது. ஈஜிஎஃப்ஆர் 45-க்கும் 59-க்கும் நடுவில் நின்று, சிறுநீரில் கசிவும் இல்லை என்றால், “இது நோயா, வெறும் கணக்கா” என்று பிரித்துப் பார்க்க இது மிகவும் உதவும். கிரியேட்டினின், சிஸ்டாட்டின் இரண்டையும் சேர்த்துப் போடும் சூத்திரம் தனித்தனியாகப் போடுவதைவிட மேல். ஆனால் தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு, புகைபிடித்தல், உடல் பருமன் இவை சிஸ்டாட்டினையும் ஆட்டும். விலையும் கூடுதல், எல்லா லேப்களிலும் செய்வதில்லை.

“கிட்னி பேக்கேஜ்” என்று தருகிறார்களே, அதில் வரும் யூரிக் அமிலம் சிறுநீரகத் திறனைச் சொல்லும் பரிசோதனை அல்ல. பொட்டாசியம் முக்கியம், ஆனால் திறன் நன்றாகக் குறைந்த பிறகுதான் பொதுவாக ஏறும். அதில் ஒரு எச்சரிக்கை: ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலோ, முஷ்டியை இறுக்கி இறுக்கித் திறந்தாலோ பொட்டாசியம் பொய்யாக ஏறும். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை மற்றக் குழாயில் ஊற்றிவிட்டால் பொட்டாசியம் வானத்துக்கும் கால்சியம் பாதாளத்துக்கும் போகும், ஏனென்றால் அந்தக் குழாயில் இருப்பதே கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஒரு பொட்டாசியம் உப்பு. இப்படி வந்தால் நாங்களே வேறு சாம்பிள் கேட்போம். உண்மையாகவே ஏறியிருந்தால் அது இதயத் துடிப்பையே பாதிக்கும், அன்றைக்கே பார்க்க வேண்டிய விஷயம்.

ஆக, உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. 57 என்ற ஈஜிஎஃப்ஆர் டயாலிசிஸுக்கு அருகில் எங்கும் இல்லை, அந்தப் பேச்சு பொதுவாக 15-க்குக் கீழே வரும்போதுதான் எழும், அங்கேயும் உடல் அறிகுறிகளைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல, 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேலாக நிற்க வேண்டும், அல்லது அதே அளவு காலத்துக்குச் சிறுநீரில் கசிவு போன்ற சேதத்தின் அடையாளம் இருக்க வேண்டும். ஒரே ஒரு ரிப்போர்ட் எதையும் நிரூபிக்காது. திறன் கொஞ்சம் குறைந்திருக்கக்கூடும் என்பது சாத்தியமே, 62 வயதுச் சர்க்கரை நோயாளிக்கு அது அபூர்வம் இல்லை. இனி எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதை இன்றைய எண்ணிலிருந்து யாரும் சொல்ல முடியாது, ஏசிஆர் தெரிந்தால் ஓரளவு சொல்லலாம். ஈஜிஎஃப்ஆர் 57 இருந்து ஏசிஆர் 10 என்றால் ஆபத்து குறைவு. அதே 57-க்கு ஏசிஆர் 500 என்றால் கிரியேட்டினின் ஏறக் காத்திருக்காமல் சிகிச்சையை இறுக்க வேண்டிய ஆள்.

ஆகவே இந்த வாரமே ஒரு காலையில் ஏசிஆருக்கும் நுண்ணோக்கிப் பரிசோதனைக்கும் சிறுநீர் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே லேபில், முந்தைய நாள் இறைச்சியைத் தவிர்த்து, வழக்கம்போலத் தண்ணீர் குடித்து, கிரியேட்டினினை மறுபடி பாருங்கள். இரண்டு தசம இடம் வரை எழுதித் தர முடியுமா என்றும் கேளுங்கள், தருவார்கள். நடுவில் கால் வீக்கம், சிறுநீர் வெகுவாகக் குறைவது, நுரைத்த அல்லது சிவந்த சிறுநீர், விடாத வாந்தி, மூச்சுத்திணறல் ஏதாவது வந்தால் மூன்று மாதக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே போங்கள். திடீரென்று சிறுநீரகம் பழுதாகும்போது கிரியேட்டினின் ஏற ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், தொட்டி நிரம்ப நேரம் ஆகிறது இல்லையா. முதல் நாள் ரிப்போர்ட்டில் 1.4 என்றே இருக்கிறது என்று நிம்மதியாகத் திரும்பி வந்துவிடாமல், மறுநாளும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.